நோயறையும் அதன் எல்லையும்

இவ்விழா மலருக்கு ஏதேனும் எழுதுமாறு பழைய மாணவர் சங்கத்து நண்பர்கள் பணித்தனர். கல்லூரி நினைவுகளை எழுத என்னிலும் வல்லார் பலர் உளர். ஆதலின் நான் அறிந்த தொழிலைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விழைகின்றேன். வைத்தியசாலைகளில் தாதி உத்தியோகத்தனாகப் பணியாற்றி இளைப்பாறிய பின், கல்முனைப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையின் நோயறையைச் சில ஆண்டுகள் கவனித்து வந்தேன்.

நம் நாட்டு அரசாங்கப் பாடசாலைகளில் தாதி ஒருவர் நிலையாக இருப்பது வழக்கமன்று. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குறித்த காலத்தில் வந்து மாணவரைப் பரிசோதிப்பர். ஏனைய நாட்களில் முதலுதவிப் பெட்டி ஆசிரியர் ஒருவரின் பொறுப்பாயிருக்கும். ஆகவே எது என் வேலை, எது அன்று என வரையறுத்துச் சொல்வார் எனக்கு எவருமிலர்.

இடைவேளை மணி அடித்ததும் முழங்காலில் தோல் உரிந்தோர், தலையிடிக்காரர், கணித பாடத்துக்கு முன்னர் மட்டும் வயிற்றுவலி காண்போர் என வரிசை நீளும். பிறர் ஓய்வெடுக்கும் வேளையே எனக்கு வேலை மிகும் வேளை. வரிசை ஓய்ந்ததும், “சேர் சும்மாதானே இருக்கிறீங்க” என்று, ஆசிரியர் வராத வகுப்பைப் பார்க்க என்னை அழைப்பர். இரவிலோ தொலைபேசி ஒலிக்கும். “பிள்ளைக்குக் காய்ச்சல் சேர், வாப்பா கடலுக்குப் போயிட்டார். போன முறை தந்த மருந்து மிச்சம் கிடக்கு, கொடுக்கவா?” என்பார் ஒரு தாய். அவரை எவ்வாறு கடிந்துகொள்வது?

ஓய்வு சோம்பலன்று என்பதை நான் வைத்தியசாலையிலேயே கற்றிருந்தேன். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியதை அடுத்த நாட்களில், மூத்த தாதி ஒருவர் எங்களை முறை வைத்து வலிந்து உறங்க அனுப்பினார். களைத்த கை மருந்தின் அளவைத் தவறவிடும் என்பது அவர் கூறிய காரணம். அதை நினைந்து, அதிபரின் இசைவுடன் மூன்று விதிகளை வகுத்தேன். இடைவேளைக்குப் பின் அரைமணி நேரம் என் உணவுக்குரியது. இரத்தப் பெருக்கு, மூச்சுத்திணறல், மயக்கம் எனின் உடனே வரலாம், ஏனையோர் வாங்கில் காத்திருப்பர். வகுப்புப் பார்க்க அறையை விட்டு நீங்கேன். இரவில் மருந்து சொல்லேன்; அபாயக் குறிகளைக் கூறி வைத்தியசாலைக்கு அனுப்புவேன். முதலிற் சிலர் முகஞ் சுளித்தனர், பின்னர் பழகிக்கொண்டனர்.

அந்த அமைதியான நேரத்திலேதான் வருகைப் பதிவேட்டை நிதானமாகப் படித்தேன். ஒரு சிறுவனின் பெயர் வாரத்தில் மூன்று நாள், ஒன்பது மணியளவில், “தலைச்சுற்று” என்று பதிவாகியிருந்தது. நடிக்கிறான் என்றே பலர் கருதினர். தனியே அழைத்து வினவியபோது, காலையில் உண்ணாது வருவதாகத் தயங்கிச் சொன்னான். என் சோற்றுப் பொதியைப் பகிர்ந்தேன். ஆயின் அது ஒருநாள் இரக்கமே. பெயர் பதியாத பசித்த பிள்ளைகளுக்கு அது உதவுமா? வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் எடுத்துரைத்தேன். பிறர் அறியாவண்ணம் காலை உணவுக்கு ஒழுங்கு செய்யப்பட்டது; அவனோடு வேறு சிலரும் பயனடைந்தனர்.

1902 இல் நியூயோர்க் நகரில் லினா ரொஜர்ஸ் என்னும் தாதி நான்கு பாடசாலைகளுக்கு ஒருவராகப் பரீட்சார்த்தமாக நியமிக்கப்பட்டார். தொற்றுநோய் கண்ட பிள்ளைகளை வீட்டுக்குத் துரத்துவதற்குப் பதிலாக அவர் சிகிச்சையளித்தார். வீடுகளுக்கும் சென்று தாய்மாருக்கு அறிவுரை கூறினார். பயன் கண்ட நகரத்தார், அவரொருவரையே மேலும் ஓடச் செய்யாது, ஓராண்டுக்குள் மேலும் பல தாதியரை நியமித்தனர். 1902 செப்டெம்பரில் நோய் காரணமாக விலக்கப்பட்ட பிள்ளைகள் 10,567. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் 1,101. ஒருவரது தியாகத்தால் மட்டும் இது நிகழ்ந்திராது.

எம் கல்லூரி எமக்குத் தொண்டு செய்யக் கற்பித்தது. அத்தொண்டு நாளையும் நடைபெற வேண்டுமாயின், தொண்டு செய்வோன் உண்ணவும் உறங்கவும் வேண்டும். தன்னால் ஆகாததை ஆகாது என்று கூறவும் வேண்டும். வைத்தியத் துறையை நாடும் இளைய மாணவர் இதை இப்போதே மனத்திற் கொள்வாராக. கல்லூரித் தாய் நீடு வாழ்க.