மலை வெயிலும் ஆறிவரும் தழும்பும்

கொழும்பிலிருந்து வரும் மலையகப் புகையிரதப் பாதை பதுளையோடு முடிந்துவிடுகிறது. 1924இல் பதுளையை எட்டிய இந்தப் பாதையைப் பார்க்கவும், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்கவும் உல்லாசப் பயணிகள் திரண்டு வருகிறார்கள். யன்னலோரத்தில் இருப்பவர்களுக்குத் தேயிலையின் பச்சை தெரியும். அதற்குள் கூடையோடு நிற்கும் பெண்களின் மேல் விழும் வெயில் தெரியாது.

என் வேலை அந்தப் பெண்களோடுதான். பசறை, ஹாலிஎல, அப்புத்தளைப் பக்கத்து லயங்களுக்குப் போகும்போது சத்திரசிகிச்சை முடிந்து வந்தவர்களைச் சந்திப்பேன். சிசேரியன், கருத்தடை, குடல்வால், தீக்காயம் என்று காரணங்கள் பல. ஆனால் எல்லோரிடமும் கேள்வி ஒன்றுதான்: "எப்ப மலைக்குப் போகலாம் மிஸ்?" பிரசவத்துக்கு 84 நாள் விடுமுறை சட்டத்தில் உண்டு. மூன்றாவது பிள்ளைக்கும் அதே அளவு என்று 2018இல் திருத்தமும் வந்தது. மற்றச் சத்திரசிகிச்சை என்றால், பேர் விழாத நாளின் சம்பளக் கணக்கே முந்திக்கொள்கிறது.

பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு சகோதரி. அடுப்படியில் கொதிநீர் கொட்டி முன்கை வெந்தது. தோல் மூடியதும் கையை மூடாமலே கொழுந்தெடுக்கப் போனார். சில வாரங்களில் தழும்பு கன்றிக் கறுத்து, அரிப்பும் எடுத்தது. "புண்ணு காஞ்சிருச்சு, இனி என்னான்னு போனேன் மிஸ்" என்றார்.

நாம் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். தோல் மூடுவது ஆறுவதன் முதற்படி மட்டுமே. மூன்று மாதமானாலும் காயம்பட்ட இடத்துக்குப் பழைய பலத்தில் ஏறத்தாழ 80 வீதமே திரும்பியிருக்கும். தழும்பு முதிர ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகும். அதுவரை அந்தத் தோல் வெயிலில் இலகுவாகக் கன்றும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு அது சீக்கிரமாகக் கறுக்கும். கறுத்தது மறைய மாதங்கள், சிலவேளை வருடங்கள் செல்லும்.

ஊவா வெயில் ஏமாற்றும் வெயில். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும். மணம் மிக்க ஊவாத் தேயிலை கிடைப்பதும் அப்போதுதான். காற்றுக் குளிர்வதால் வெயில் உறைப்பதில்லை. ஆனால் 1000 மீற்றர் உயர்ந்தால் புற ஊதாக் கதிர்கள் ஏறத்தாழப் பத்து வீதம் கூடுகின்றன. அப்புத்தளையோ 1400 மீற்றருக்கு மேல். மெல்லிய முகிலும் கதிர்களை முழுதாகத் தடுக்காது.

இதற்கு முதல் மருந்து துணி. நெருக்கமாக நெய்த நீளக்கைச் சட்டை போதும். உடுப்போடு இடுப்பில் படங்கு கட்டுவதால் வயிற்றுத் தழும்பில் வெயில் படாது. ஆனால் அந்தக் கட்டு தழும்பை உரசக்கூடாது. தலையில் தையல் இருந்தால் கூடைக்கயிறு அதில் படவே கூடாது. காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் இடையில் இயன்றவரை நிழல் தேடுங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று அறியுங்கள். மூட முடியாத இடத்துக்கு எஸ்.பி.எப். 30க்குக் குறையாத சன் கிரீம் பூசலாம். தோல் முழுதாக மூடிய பிறகே பூசவேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பவும் பூசவேண்டும். கறுப்புப் போகும் என்று தேசிக்காய் தேய்க்காதீர்கள். அதன் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்துபோகும். சீழ், காய்ச்சல், வீக்கம் கண்டாலும், தழும்பு தடித்துப் பரவினாலும், மூட்டை மடக்க முடியாமல் இழுத்தாலும் வைத்தியசாலைக்குப் போகத் தாமதிக்க வேண்டாம்.

வடக்கிலும் கிழக்கிலும் இதை வாசிக்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். உங்கள் காயம் 2009க்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் உள்ளே இருந்த இரும்புத் துண்டைப் போன மாதம்தான் எடுத்தார்கள் என்றால், அந்தத் தழும்புக்கு வயது ஒரு மாதமே. சத்திரசிகிச்சை நடந்த நாளிலிருந்து கணக்கெடுங்கள். பெரிய தீக்காயத்தில் தோல் ஒட்டிய இடம் சரியாக வியர்க்காது; அதனால் எத்தனை ஆண்டு சென்றாலும் உடம்பு சீக்கிரம் சூடேறும். வயலிலோ கடற்கரையிலோ வேலை செய்பவர்கள் தண்ணீரும் நிழலும் இல்லாமல் நிற்கவேண்டாம்.

வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டும் அன்றே, "எவ்வளவு காலம் வெயில் படக்கூடாது?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். அதை எழுதித் தரச்சொல்லி வாங்குங்கள். நிழலில் செய்யக்கூடிய வேலை கேட்கும்போது, வாய்ச்சொல்லைவிட அந்தக் கடிதம் உங்களுக்காகப் பேசும்.