ஏரியில் இறங்கிய விமானம்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

‘பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும்’ என்பது பழமொழி. எங்கள் பெரிய தாத்தா பொருந்தாமல் பொய் சொல்லுகிறவர் என்றே நாங்கள் பல காலம் எண்ணியிருந்தோம்.

அவர் என் தந்தையின் பாட்டனார். 1932இல் செங்குன்றத்தில் பிறந்து, இளமையில் திருவொற்றியூர்த் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’ என்ற அதன் பெயரின் சுருக்கந்தான் விம்கோ. எங்கள் விம்கோ நகரின் பெயரும் அதிலிருந்து வந்ததே. ஓய்வு பெற்ற பின் திண்ணையே அவருக்கு உலகம். கண் பார்வை போன பிறகும் ஒரு கதையை மட்டும் விடாமல் சொல்லி வந்தார்.

“நான் சின்னப் பையனா இருக்கச் சொல்ல, புழல் ஏரியில ஏரோப்பிளேன் இறங்கும்டா. தண்ணியிலயே ஓடி, தண்ணியிலேருந்தே எழும்பும். மேலே போனதும் ரெக்கை நுனியில தொங்குற ரெண்டு காலையும் கொக்கு மாதிரி மடக்கிக்கும்!”

குடிதண்ணீர் ஏரியில் விமானமா? அதற்குக் காலும் உண்டா? வீட்டில் யார் நம்ப முடியாததைச் சொன்னாலும், ‘இது ஏரி ஏரோப்பிளேன்’ என்று கேலி செய்வது வழக்கமாயிற்று. நண்பர்கள் வந்தால் அவரைப் போலவே பேசி நடித்துச் சிரிக்க வைத்தவன் நான். ஒரு நாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றோடு அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

நிற்க. என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு விமானப் பைத்தியம். பழைய விமானங்களின்மேல் பற்றுக்கொண்ட சிலர் மீனம்பாக்கத்தில் ஒரு வீட்டில் கூடிப் புகைப்படங்களையும் நினைவுகளையும் பகிர்ந்துகொள்வார்கள். 2025 அக்டோபரில் ஒரு ஞாயிறன்று என்னையும் அங்கே அழைத்துச் சென்றான். மெட்ரோ இரயிலின் நீல வழித்தடத்தில் ஒரு முனை எங்கள் ஊர், மறுமுனை விமான நிலையம். ஆகவே அலைச்சல் இல்லை.

அன்று அவர்கள் பேச்செல்லாம் மிக்-21ஐப் பற்றியே. 1963 முதல் 62 ஆண்டுகள் நம் விமானப் படையில் இருந்து, செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகரில் ஓய்வு பெற்றிருந்தது. இன்னொருவர், அரக்கோணம் கடற்படைத் தளத்தில் 2017 மார்ச்சில் விடைபெற்ற டியூ-142 விமானத்தின் படங்களைக் காட்டினார். அவற்றுள் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நின்றிருந்த இரண்டு பழைய விமானங்களே மாணவர் அப்துல் கலாமின் மனத்தைக் கவர்ந்தன என்பதையும் ஒருவர் நினைவூட்டினார். ஓய்வு பெற்றவையும் பாடம் நடத்தும் போலும்!

அப்போது முன்னாள் விமானப் படை மெக்கானிக் ஒருவர் தம் ஆல்பத்தைப் புரட்டினார். கறுப்பு வெள்ளைப் படம். விரிந்த ஏரி, அதில் படகு போல் மிதக்கும் ஒரு விமானம்.

“இது நம்ம புழல் ஏரிதான் தம்பி” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் விளக்கினார். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கினர். சென்னை மக்களும் அஞ்சி ஊரைக் காலி செய்தனர். அவ்வாண்டே பிரிட்டிஷ் விமானப் படையின் 240ஆம் பிரிவு புழல் ஏரியைத் தளமாக்கிக்கொண்டது. அமெரிக்க வடிவமைப்பான ‘காட்டலினா’ படகு விமானங்கள் அங்கிருந்து எழும்பி வங்கக் கடலில் ரோந்து சுற்றின. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடின. ஒரே மூச்சில் இருபது மணி நேரம் பறக்க வல்லவை அவை. தண்ணீரில் சாய்ந்துவிடாமலிருக்க இறக்கைகளின் கீழே இரண்டு மிதவைகள் தொங்கும். எழும்பியதும் அவை மேலே மடங்கி இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும்.

கொக்கு மாதிரி! என்னால் அங்கே உட்கார முடியவில்லை. படத்தின் நகலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

“தாத்தா, நீ சொன்ன ஏரோப்பிளேன் இதுல இருக்கு” என்று அவர் கையில் கொடுத்தேன். தாளை விரலால் தடவினார். உடலுக்கு மேலே உயர்ந்து நின்ற இறக்கையையும், அதிலிருந்த இரண்டு எஞ்சின்களையும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“பின்னால ரெண்டு பக்கமும் முட்டை மாதிரி கண்ணாடி இருக்குமே, பாத்தியா?” என்றார்.

குனிந்து பார்த்தேன். இருந்தது. அதுவரை நானே அதைக் கவனிக்கவில்லை.

“தப்பு பண்ணிட்டேன் தாத்தா” என்றேன். குரல் தழுதழுத்தது.

அவர் படத்தை என்னிடமே நீட்டினார். “இது உனக்குத்தாண்டா வேணும். நான்தான் பாத்தேனே.”

சற்று நேரம் கழித்து, தாமாகவே கதையை முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை என் கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. விமானம் எழும்பும்போது புரண்ட அலை கரையில் நின்ற அவர் அரைத்துணியை நனைத்தது, காவல்காரன் தடியோடு விரட்டியது, ஓசை கேட்டுக் காக்கைகள் கலைந்தது ஆகியவை எந்தப் படத்திலும் இல்லை.

நண்பர்களே! வரலாற்று மாணவனான நான் சான்று எங்கே என்று கேட்டுச் சிரித்தேன். சான்று திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்லும் நம்ப முடியாத கதையை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். படம் பிறகு கிடைக்கலாம், பார்த்தவர் கிடைக்கமாட்டார்.