பேய்க் கூழும் சயாம் கஞ்சியும்

அச்சத்தை விரும்பிப் படிக்கும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. கோரக் காட்சிகள் நிறைந்த நூல்களை இழிந்த சுவையென ஒதுக்குவோர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியை எந்த அலமாரியில் வைப்பார்களோ! முதற் குலோத்துங்கனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கரை வென்ற களத்தில் பேய்கள் கூழ் அடுகின்றன. முரசு உரலாகிறது; யானைத் தந்தம் உலக்கையாகிறது; மாண்டவர் பற்கள் அரிசியாகின்றன. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் சூல்கொண்ட பேய்க்கும் குறைவின்றிப் பரிமாறப்படுகிறது.

ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் இப்பகுதியை வாய்விட்டுச் சிரித்தபடி படிப்பார். பொந்தியானாக் கதையும் முனி அடித்த கதையும் கேட்டு வளர்ந்தவர் அவர். மலாக்கா பட்டணத்துக் கடைக்கு வரும் திகில் நாவல் எதனையும் விட்டுவைக்காதவர். கழுத்தறுந்த பிணமும் சுடுகாட்டு ஓலமும் அவருடைய உறக்கத்தைக் கெடுத்ததில்லை.

அவர் சிரித்ததில் வியப்பில்லை. கூழ் உண்ணும் பேய்களுக்கு முகமும் குணமும் உண்டு; கூழாகிப் போன கலிங்க வீரருக்கோ பெயர்கூட இல்லை. யாருடைய பிணம் என்று தெரியாத வரையில் கோரமும் ஒரு வேடிக்கையே. ஆயினும் அந்த வேடிக்கைக்கு அடியில் பசி கிடக்கிறது. களத்திற்கு வருமுன் அப்பேய்கள் வற்றி உலர்ந்து, தம் பசியைக் காளியிடம் சொல்லி அழுகின்றன. 'பேய் முறைப்பாடு' என அதற்கென ஒரு பகுதியே உண்டு. வெற்றியைப் பாட வந்த புலவர் பசியை இவ்வளவு நுணுக்கமாகப் பாடியிருப்பதை, மரவள்ளிக் கிழங்கைத் தின்று ஜப்பானியர் காலத்தைக் கடந்த தோட்டத்து மக்கள் எளிதில் கடந்துவிட முடியாது.

இத்தனை துணிவுடைய வாசகர், ஒரு நூலை மட்டும் பல ஆண்டுகள் கையால் தொடவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வெளிவந்தது. அன்பரின் தந்தை சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது அன்பருக்கு இரண்டு வயது.

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். ஏறத்தாழ அறுபதாயிரம் போர்க்கைதிகளோடு, இரண்டு லட்சம் அளவிலான ஆசியத் தொழிலாளர்களும் அங்கே வதைபட்டனர். மலாயாவிலிருந்து சென்றோரில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். 1957இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படம் வெள்ளைக்காரக் கைதிகளின் கதையைத்தான் உலகுக்குச் சொன்னது. நம்மவர் கதையைச் சொல்லும் பொறுப்பு சண்முகம், 'நினைவுச் சின்னம்' எழுதிய அ. ரெங்கசாமி போன்றோர் மீது விழுந்தது.

ஒருநாள் அன்பர் அந்நூலைத் திறந்தார். வாந்திபேதியில் மாண்டோரைக் குவித்து எரித்த முகாம்களைப் பற்றிய செய்தி அவருக்குப் புதிதன்று. உயிர் முழுதும் பிரியாதவரும் அத்தீயில் சேர்ந்துபோயினர் எனத் திரும்பி வந்தோர் சொன்னதையும் கேட்டிருந்தார். ஆனால் ஊர்க்கதையாகக் கேட்பது வேறு. தனித்திருந்து வரிவரியாகப் படிப்பது வேறு.

"ஏம்ப்பா, இதைப் போயி ராத்திரியில படிக்கிறீங்க?" என்று மகள் கேட்டாள். அவர் விடை கூறவில்லை.

அவருடைய தாயார் போர் முடிந்து மூன்று ஆண்டுகள் வரை நெற்றியில் பொட்டிட்டிருந்தார். சயாமிலிருந்து மீண்ட ஒருவர் ஒரு மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து ஏதோ கூறிச் சென்றார். மறுநாள் தாயார் பொட்டை அழித்தார். என்ன கேட்டார் என்பதைச் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. கல்மனம் படைத்தவள் என்றுகூட உறவினர் பேசியதுண்டு. மகனுக்கும் உள்ளூர அந்த எண்ணம் இருந்தது.

அந்த மாலையில் தாயார் காதில் விழுந்தது எத்தகைய சொற்களாக இருக்கக்கூடும் என்பதை அந்நூல் அவருக்குக் காட்டியது. சிறு பிள்ளையிடம் மட்டுமன்று, இருபது வயது இளைஞனிடமும் சொல்லக்கூடிய செய்தியன்று அது.

சில நாட்களுக்குப் பின் மகள் மீண்டும் கேட்டபோது, அவர் நூலை மூடி அவள் கையில் கொடுத்தார்.