இறைவன்மேல் ஏற்றிய பழி

ஒரு மனிதர் இறந்தபின் அவரைப் பற்றி எழுதப்படும் கடைசி வரி எது? கல்லறையில் பொறிக்கப்படும் வரி அன்று. பதிவேட்டில் எழுதப்படும் வரியே. பங்குப் பணியில் இருக்கும் நாம் அடக்கப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம், சாவின் காரணத்திற்கென விடப்பட்டுள்ள சிறு கட்டத்தில் எழுதுகோல் சற்றே தயங்குகிறது. காய்ச்சல், மாரடைப்பு, முதுமை என ஒரு சொல்லை எழுதிக் கையொப்பம் இடுகிறோம். உற்றாரும் உறவினரும் சூழ்ந்திருக்க வீட்டில் கண்மூடியவருக்கு அந்த ஒரு சொல் போதும். பூட்டிய கதவுக்குப் பின்னால் இறந்தவருக்கு அது போதுமா? அவர் எவ்வாறு இறந்தார் என்பதை அறிந்தவர்கள் அவரும் அவரைப் பூட்டி வைத்தவர்களுமே. அவர் இனிப் பேசமாட்டார். பூட்டி வைத்தவர்கள் பேசுவதை மட்டும் கொண்டு உண்மையை அறிந்துவிட முடியுமா?

இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரியின் பதவி இங்கிலாந்தில் 1194ஆம் ஆண்டு ஏற்பட்டது. தொடக்கத்தில் அரசருக்குச் சேரவேண்டிய வருவாயைக் காப்பதே அவருடைய முதற்பணி. நாளடைவில் ஐயத்திற்குரிய சாவுகளையும், சிறையில் நேரும் சாவுகளையும் விசாரிப்பது அவர் கடமையாயிற்று. சிறைப்பட்டவர் அரசின் கைக்குள் இருப்பவர். எனவே அவருடைய சாவுக்கு அரசே கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் உட்பொருள். விசாரணைக்கு அழைக்கப்பட்ட ஜூரிகள் ஊரின் எளிய குடிமக்கள். அவர்கள் இறந்தவரின் உடலைத் தம் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பது விதி. காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. காயத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எத்துணை உயர்ந்த நெறி!

அந்நெறி உயிரோடு இருந்தால் என்ன செய்ய வல்லது என்பதற்கு 1846ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. இலண்டனுக்கு அருகிலுள்ள ஹவுன்ஸ்லோ படைமுகாமில் பிரெடெரிக் ஜான் ஒயிட் என்னும் படைவீரருக்கு 150 கசையடிகள் கொடுக்கப்பட்டன. சில வாரங்களில் அவர் இறந்தார். அடிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று படை மருத்துவர்கள் சான்றளித்தனர். உடல் அடக்கத்திற்கு வந்தபோது ஹெஸ்டன் ஊரின் ஆங்கிலிக்கன் குருவானவர் அந்தச் சான்றோடு அமைதி கொள்ளவில்லை. மரண விசாரணை அதிகாரிக்குச் செய்தி அனுப்பினார். அதிகாரி தாமஸ் வேக்லி. 'லான்செட்' என்னும் மருத்துவ இதழை 1823இல் நிறுவியவர். உடல் மீண்டும் ஆராயப்பட்டது. கடுமையான கசையடியே சாவுக்குக் காரணம் என ஜூரிகள் தீர்ப்பளித்தனர். அதே ஆண்டில் கசையடியின் உச்ச அளவு 50 ஆகக் குறைக்கப்பட்டது. 1881இல் இராணுவத்தில் அத்தண்டனையே ஒழிந்தது. ஒரு குருவானவர் அடக்கத்தை அவசரமாய் முடித்திருந்தால் அந்த உண்மையும் அவரோடு அடங்கியிருக்கும்.

ஆனால் அதே நாட்டின் கொடி பறந்த தொலைநாடுகளில் அதே நெறி எவ்வாறு நடந்தது?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கரையிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் ராட்னெஸ்ட் என்னும் தீவு இருக்கிறது. அம்மண்ணின் ஆதிக்குடிகளான நூங்கார் மக்கள் அதனை வாஜெமப் என அழைப்பர். நீருக்கு அப்பால் ஆவிகள் உறையும் இடமாக அதனைக் கருதுவர். 1838ஆம் ஆண்டு முதல் அத்தீவு ஆதிக்குடி மக்களுக்கான சிறை ஆயிற்று. வெள்ளையரின் ஆட்டையோ மாட்டையோ ஈட்டியால் கொன்றதற்காகப் பலர் அங்கு அனுப்பப்பட்டனர். தம் வேட்டை நிலத்தைப் பறிகொடுத்தவர் அந்நிலத்தில் மேய்ந்த ஆட்டைக் கொன்றால் அது குற்றம். நிலத்தைப் பறித்தது குற்றமன்று! வடக்கே கிம்பர்லி, பில்பரா பகுதிகளிலிருந்து கழுத்தில் சங்கிலி பூட்டி அவர்கள் நடத்திக் கொண்டுவரப்பட்டனர். வெப்ப நாட்டில் பிறந்தவர்கள் குளிர்க்கடற் காற்றில், கல்லறை போன்ற சிறு அறைகளில், பலர் ஒருசேர அடைக்கப்பட்டனர். ஏறத்தாழ 4,000 ஆண்களும் சிறுவர்களும் அச்சிறையைக் கண்டனர். அவர்களுள் 370 பேர் அளவில் அங்கேயே மடிந்தனர்.

1883ஆம் ஆண்டு சளிக்காய்ச்சலும் தட்டம்மையும் பரவி ஏறத்தாழ 60 கைதிகள் மாண்டபோது ஓர் ஆணைக்குழு அமைந்தது. அதன் தலைவர் ஜான் ஃபாரஸ்ட், பின்னாளில் அக்குடியேற்ற நாட்டின் முதற் பிரதமரானவர். குழுவினர் கைதிகளிடமே கேள்வி கேட்டனர் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். அவர்கள் மறுமொழியில் குளிர் இருந்தது, நோய் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்குப் போக வேண்டும் என்னும் ஏக்கம் இருந்தது. சில சீர்திருத்தங்கள் பரிந்துரைக்கப்பட்டன. சிறை மட்டும் தொடர்ந்தது. 1904இல் முறைப்படி மூடப்பட்ட பின்னரும் 1931 வரை அங்குக் கைதிகளின் உழைப்பு பயன்படுத்தப்பட்டது.

இத்தகைய இடத்தில் மரண விசாரணைக்கு என்ன பொருள் இருக்க முடியும்? கடல் ஒரு சுவர். மொழி மற்றொரு சுவர். மூன்றாவது சுவர் நம்மைக் கூசவைப்பது: கடவுள்மேல் ஆணையிட இயலாதவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் என்பது அக்காலத்துச் சட்டநெறி. 1841இல் மேற்கு ஆஸ்திரேலியச் சட்டம் ஆணையின்றிச் சாட்சி சொல்ல ஆதிக்குடிகளுக்கு இடமளித்தது. ஆயினும் வெள்ளையரின் சொல்லுக்கு இருந்த எடை அவர்கள் சொல்லுக்குக் கிட்டவில்லை. அடிபட்டவனின் அருகில் படுத்திருந்தவனின் கண் கண்டது சான்றாகாது; அடித்தவனின் நாக்குச் சொன்னது சான்றாகும். 1860களில் முதிய கைதி ஒருவர் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், தலைமைச் சிறைக்காவலரின் மகனே குற்றவாளி எனக் காணப்பட்டார். அவருக்குக் கிடைத்தது மூன்று மாதக் கடுங்காவல். உண்மை வெளிப்பட்டபோதும் அந்த உயிரின் விலை அவ்வளவுதான்.

அந்நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் மரண விசாரணைகள் அடிக்கடி கையாண்ட தீர்ப்புத் தொடர் ஒன்று உண்டு: 'இறைவனின் வருகையால் இறந்தார்.' திடீர்ச் சாவா, காரணம் தெரியாத சாவா, காரணத்தைத் தேட மனமில்லாத சாவா, எல்லாவற்றுக்கும் இத்தொடர் பொருந்தியது. இதில் பணிவு இருப்பதாகத் தோன்றும். சிலவேளை உண்மையான பணிவும் இருந்திருக்கலாம். ஆனால் சிறைக்கூடத்தில் இத்தொடர் ஒலிக்கும்போது நடப்பது வேறு. குளிரும் பசியும் நெருக்கடியும் சாட்டையும் தப்பிவிடுகின்றன. குற்றவாளிக் கூண்டில் இறைவன் நிறுத்தப்படுகிறார்.

மறைநூலை ஓதும் நமக்கு இதில் ஒரு கசப்பான முரண் தெரிகிறது. இறைவன் வருகை தருகிறார் என்று விடுதலைப் பயண நூல் எதைக் குறித்துச் சொல்கிறது? எகிப்தில் அடிமைகளாய் நொந்தவர்களின் அழுகுரல் கேட்டு, அவர்களை மீட்க வந்ததைக் குறித்தன்றோ? காலை மன்றாட்டில் நாள்தோறும் நாம் பாடும் செக்கரியாவின் பாடலும் அந்த மீட்பின் வருகையையே போற்றுகிறது. சங்கிலியை அறுக்க வருபவரைச் சங்கிலியில் கிடந்தவனைக் கொல்ல வந்தவராகப் பதிவேட்டில் எழுதினார்கள்! மீட்பரின் பெயரையே திரையாக்கி அதன் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

திருநூலின் தொடக்கப் பக்கங்களில் வேறொரு காட்சி உள்ளது. ஆபேல் வயல்வெளியில் கிடக்கிறான்; கண்டவர் எவருமில்லை. அங்கே முதற்கேள்வியைக் கேட்பவர் இறைவன். காயின் சொல்லும் மழுப்பலை அவர் சான்றாக ஏற்கவில்லை. இறந்தவன் பேசமாட்டான் என்று கொன்றவன் எண்ணியிருந்தான், மண்ணே பேசியது. மானிட வரலாற்றின் முதல் மரண விசாரணை என்று நாம் அதைச் சொல்லலாம். அதில் இறைவன் சாவுக்குக் காரணமானவர் அல்லர்; காரணத்தைத் தேடுபவர்.

ராட்னெஸ்டிலும் மண் பேசியது. 1970ஆம் ஆண்டு கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. பெயரில்லை, அடையாளக் கல்லில்லை. தீவு அதற்குள் விடுமுறைக்காலச் சுற்றுலாத் தலமாகியிருந்தது. அடக்கநிலத்தின்மேல் கூடாரம் அமைத்துத் தங்கும் வழக்கம் 2007 வரை நீடித்தது. பழைய சிறைக்கட்டடமோ 2018 வரை பயணியர் விடுதியாக இருந்தது.

இது பழங்கதை என்று கடந்துவிடவும் வழியில்லை. 1980 முதல் 1989 வரை ஆஸ்திரேலியாவில் காவலிலும் சிறையிலும் இறந்த 99 ஆதிக்குடியினரைப் பற்றி ஓர் அரச ஆணைக்குழு ஆராய்ந்தது. 1991இல் அது 339 பரிந்துரைகளை அளித்தது. காவலில் நேரும் ஒவ்வொரு சாவும் விரிவாக, நடுநிலையோடு விசாரிக்கப்பட வேண்டும் என்பது அவற்றின் முதன்மையான கருத்துகளுள் ஒன்று. அதன் பின்னரும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆதிக்குடியினர் காவலில் இறந்துள்ளனர். நம் நாட்டிலும் காவலில் இறந்தோரைக் குறித்து நடுவர் விசாரிக்க வேண்டும் என்னும் விதி, 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவிலேயே இடம்பெற்றுவிட்டது. சட்டம் இல்லாமலில்லை. உடலை நின்று பார்க்கும் கண்தான் வேண்டும்.

சாவு வீட்டில் நாம் யாவரும் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: 'ஆண்டவருடைய சித்தம்.' நோயில் நைந்தவரின் பிள்ளைகளுக்கு அது மருந்து. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதே சொல்லை எடுத்துச் செல்லுமுன் நாம் நிதானிக்க வேண்டும். அவளிடம் சொல்ல வேண்டியது வேறு: 'அம்மா, என்ன நடந்தது என்று கேட்போம்.' சிறையிலிருப்போரைச் சந்திப்பதும் இறந்தோரை அடக்கம் செய்வதும் இரக்கச் செயல்கள் என்று மறைக்கல்வியில் கற்றோம். அவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: அடக்கம் செய்யுமுன் கேட்பது. ஹெஸ்டன் ஊரின் குருவானவர் செய்தது அதுவே. அப்படிக் கேட்கும் மனிதர் ஓர் ஊரில் ஒருவர் இருந்தாலும், அங்கே எவருடைய குற்றமும் இறைவனின் பெயரால் எழுதப்படாது.