டி.ஓ. மாணவரும் குடும்ப மருத்துவ ரெசிடென்சியும்

அமெரிக்காவில் டாக்டர் என்றால் எம்.டி. என்பதுதான் பலருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் படிப்பது எம்.டி. அல்ல, டி.ஓ. அதாவது ஆஸ்டியோபதி மருத்துவம். உடனே "எலும்பு வைத்தியமா?" என்று கேட்கத் தோன்றும். இல்லை. 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எம்.டி. செய்கிற எல்லாவற்றையும் செய்யலாம். கூடுதலாக, கையால் முதுகெலும்பு, மூட்டு, தசைகளைத் தொட்டு அழுத்திச் சரிசெய்யும் பயிற்சி ஏறத்தாழ 200 மணி நேரம் உண்டு. (இங்கிலாந்தில் ஆஸ்டியோபாத் என்றால் கதையே வேறு. அவர் டாக்டர் கிடையாது, கைச் சிகிச்சை மட்டும்தான் செய்வார். ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு நாடும் படுத்துகிற பாடு!)

இதை ஆரம்பித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864-ல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்தவர். அன்றைய மருந்துகளின் மேல் வெறுத்துப்போய் 1874-ல் தன் புது முறையை அறிவித்தார். 1892-ல் மிசூரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் ஊரில் கல்லூரி தொடங்கினார். அப்புறம் பல ஆண்டுகளுக்கு எம்.டி. உலகம் இவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. கலிபோர்னியாவில் 1962-ல் நடந்தது ஒரு வேடிக்கை. சுமார் 2000 டி.ஓ. டாக்டர்கள் ஆளுக்கு 65 டாலர் கட்டி எம்.டி. பட்டம் வாங்கிக்கொண்டார்கள். நேற்றுவரை போலி என்று சொல்லப்பட்டவர் 65 டாலரில் அசலாகிவிட்டார்! அதே ஆண்டு அந்த மாநிலம் புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் கொடுப்பதை நிறுத்தியது. 1974-ல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் கதவு மறுபடி திறந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான்கு ஆண்டுப் படிப்பு முடித்தவர் அப்படியே கிளினிக் போட முடியாது. ரெசிடென்சி என்ற பயிற்சி வேண்டும். குடும்ப மருத்துவத்துக்கு அது மூன்று ஆண்டு. முன்பு டி.ஓ. மாணவர்களுக்குத் தனி ரெசிடென்சிகள் இருந்தன, அவற்றுக்குத் தனித் தேர்வு முறையும் இருந்தது. 2014-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 2015-லிருந்து 2020 ஜூனுக்குள் எல்லா ரெசிடென்சிகளும் ஒரே அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டன. லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. எல்லாக் கதவும் சட்டப்படி திறந்துவிட்டது லாபம். புதிய விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் சில சின்ன ஆஸ்டியோபதி ஆஸ்பத்திரிகளின் பயிற்சிகள் மூடப்பட்டது நஷ்டம். அந்தச் சின்ன ஆஸ்பத்திரிகளில் நிறைய இருந்தது குடும்ப மருத்துவம்தான்.

இடம் ஒதுக்கும் முறை காமர்ஸ், எகனாமிக்ஸ் படிக்கிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 1940களில் ஆஸ்பத்திரிகள் போட்டி போட்டுக்கொண்டு, படிப்பு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே மாணவர்களை வளைத்துப் பிடித்தன. அந்தக் கூத்தை நிறுத்த 1952-ல் 'மேட்ச்' வந்தது. மாணவர் தனக்குப் பிடித்த இடங்களை வரிசையாக எழுதித் தருவார். ஆஸ்பத்திரியும் மாணவர்களை வரிசைப்படுத்தும். இரண்டையும் கணினி பொருத்தும். ஆல்வின் ராத் திருத்தி அமைத்த முறை 1998-ல் நடைமுறைக்கு வந்தது. இந்த வகை ஆராய்ச்சிக்காக ராத்துக்கும் லாயிட் ஷேப்லிக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. இதன் அழகு என்னவென்றால் இங்கே தந்திரம் செல்லாது. "நமக்கெல்லாம் அங்கே கிடைக்குமா" என்று பயந்து ஆசைப்பட்ட இடத்தைக் கீழே தள்ளி எழுதினால் நஷ்டம் எழுதியவருக்குத்தான். முதல் இடம் கை நழுவினாலும் இரண்டாவது இடத்துக்கான வாய்ப்பு அதனால் குறையாது. இது தெரியாமல் பயத்தில் பட்டியல் போடுகிறவர்கள் இன்னமும் உண்டு. டி.ஓ. மாணவர்களிடம் இந்தப் பயம் கொஞ்சம் அதிகமாக இருந்தால் ஆச்சரியமில்லை. பழைய ஒதுக்கலின் மிச்சம் அது.

ஆனால் குடும்ப மருத்துவத்தில் நிலைமை தலைகீழ். 2025 மேட்சில் மட்டும் குடும்ப மருத்துவத்தில் 800 இடங்களுக்கு மேல் முதல் சுற்றில் நிரம்பவில்லை. ஆள் தேடுவது ஆஸ்பத்திரிதான். கடைசி ஆண்டு டி.ஓ. மாணவர்களில் 92 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு துறையில் இடம் பிடித்தார்கள். குடும்ப மருத்துவத்தைத் தேர்ந்தெடுப்பவர் மட்டுமே ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் அதிகம். ஆகவே "இடம் கிடைக்குமா" என்ற கேள்வியைவிட "எந்த மாதிரி இடம்" என்ற கேள்விதான் பெரியது. அதைப் பலர் கேட்பதே இல்லை. ஊர் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பார்த்து வரிசை போட்டுவிடுகிறார்கள்.

பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் எல்லாத் துறைக்கும் ரெசிடென்ட்கள் இருப்பார்கள். பிரசவம் வந்தால் மகப்பேறு ரெசிடென்ட் ஓடி வருவார், எலும்பு முறிந்தால் ஆர்த்தோ ரெசிடென்ட். குடும்ப மருத்துவ ரெசிடென்ட் ஓரமாக நின்று பார்க்க வேண்டியதுதான். ஆராய்ச்சி, ஆசிரியர் வேலை என்று ஆசை உள்ளவருக்கு அது நல்ல இடம், மறுக்க முடியாது. அதற்கு நேர் எதிர், வேறு துறை ரெசிடென்ட்களே இல்லாத சமுதாய ஆஸ்பத்திரி. அங்கே பிரசவமா, நெஞ்சுவலியா, குழந்தைக்கு வலிப்பா, எல்லாவற்றுக்கும் கூப்பிடப்படுபவர் இவர்தான். தூக்கம் போகும், தொழில் வரும். பக்கத்து ஊரில் ஸ்பெஷலிஸ்ட் இல்லாத இடத்தில் போய் உட்காரப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இன்னொரு வகை, கிராமப்புறத் தடம். முதல் ஆண்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி, மீதி இரண்டு ஆண்டும் கிராமத்தில். வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரமும் கோல்வில் என்ற சிற்றூரும் சேர்ந்து 1980களில் வழிகாட்டிய முறை இது. 2010 சட்டத்தால் வந்த கற்பிக்கும் சுகாதார மையங்களும் இருக்கின்றன. இவற்றில் பயிற்சியின் மையம் ஆஸ்பத்திரி அல்ல, ஏழைகளுக்கான கிளினிக். ஒரே குறை, இவற்றுக்கான பணத்தைக் காங்கிரஸ் அவ்வப்போது குறுகிய காலத்துக்கே நீட்டித்து வந்திருக்கிறது. மூன்று ஆண்டுப் பயிற்சிக்குச் சேருகிறவர் இந்த நிதி விஷயத்தை நேர்முகத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

கைச் சிகிச்சை என்னாயிற்று? 'ஆஸ்டியோபதி அங்கீகாரம்' என்று சில ரெசிடென்சிகளுக்குத் தனி முத்திரை உண்டு. அங்கே அதைச் சொல்லித்தரும் ஆசிரியர் இருப்பார். மற்ற இடங்களில் மூன்று ஆண்டில் கை மறந்துபோகும். முதுகுவலியோடு வருகிறவர்கள் குடும்ப டாக்டரிடம்தான் முதலில் வருகிறார்கள் என்பதால் இது சின்ன விஷயமில்லை. அதே சமயம், கல்லூரியோடு அதை மூட்டை கட்டிவிட விரும்பும் டி.ஓ. மாணவர்களும் நிறைய. அவர்களுக்கு இந்த முத்திரை தேவையில்லை.

தேர்வு விஷயத்தில் ஒரு வார்த்தை. டி.ஓ. மாணவர் எழுதுவது காம்லெக்ஸ். எம்.டி. மாணவர் எழுதுவது யு.எஸ்.எம்.எல்.இ. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் எழுதுகிறவர்கள் ஏராளம். இரண்டு தேர்வுக்கும் முதல் படி 2022-லிருந்து வெறும் பாஸ், ஃபெயில்தான். குடும்ப மருத்துவம் என்று மனதில் முடிவானவருக்கு இரண்டாவது தேர்வு பெரும்பாலும் வீண்செலவு. அந்த நேரத்தைப் பிடித்த ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் போய் வேலை செய்து முகம் காட்டச் செலவிடலாம். சொந்த ஆஸ்பத்திரி இல்லாத டி.ஓ. கல்லூரிகளே அதிகம் என்பதால், இப்படி நேரில் பார்த்த ஒருவர் எழுதும் சிபாரிசுக் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

கடைசியாகப் பணம். 800 இடம் காலியாக இருப்பதன் ரகசியமே இங்கேதான். குடும்ப டாக்டரின் சம்பளம் எலும்பு அறுவை நிபுணர் வாங்குவதில் ஏறக்குறைய பாதிதான். கடனோ இருவருக்கும் ஒன்று. டி.ஓ. கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார். இரண்டரை லட்சம் டாலர் கடனோடு வெளியே வருவது அங்கே சர்வசாதாரணம். இதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் இரண்டு ஆண்டு வேலை செய்தால் தேசிய சுகாதார சேவைப் படை 75,000 டாலர் வரை கடனை அடைக்கும். மற்றொன்று 2007 சட்டம். அரசு அல்லது லாபநோக்கற்ற நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே வருமானத்துக்கு ஏற்ற தவணையாக 120 மாதம் கட்டினால், மீதி அரசுக் கடன் தள்ளுபடி. லாபநோக்கற்ற ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி செய்தால் அந்த 36 மாதமும் இந்தக் கணக்கில் சேரும். மீதி 84 மாதம்தான். ஆகவே ரெசிடென்சி நடத்தும் ஆஸ்பத்திரி லாபத்துக்கு நடப்பதா இல்லையா என்பது வெறும் கொள்கை விஷயமில்லை, மூன்று ஆண்டு விஷயம்.

2025 ஜூலையில் வந்த சட்டம் இந்தக் கணக்கில் கை வைத்துவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுக்கும் மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் என்று உச்சவரம்பு. பல தனியார் டி.ஓ. கல்லூரிகளில் ஃபீஸுக்கே அது போதாது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தனியார் வங்கியிடம்தான் போக வேண்டும். தனியார் கடனுக்கு அந்த 120 மாதத் தள்ளுபடி கிடையாது. கிராமத்தில் உட்கார ஆசைப்பட்டு, மேற்கு வர்ஜீனியாவிலோ கென்டக்கியின் நிலக்கரி மலைப்பக்கத்திலோ படிக்கச் சேர்கிற மாணவர், பட்டியல் போடும் நாளில் இதய நோய் நிபுணராகிவிடலாமா என்று யோசித்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?