உப்பும் ஊசியும்

ஸ்காபறோவில் எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் கதை சீனி வருத்தத்தில்தான் வந்து நிற்கும். "டொக்டர் இன்சுலின் ஊசி போடச் சொல்லுறார் மாஸ்ரர். அது கெமிக்கல், எனக்கு வேண்டாம். பாகற்காய்ச் சாறு குடிக்கிறன்" என்பார் ஒருவர். ஊரில் இரசாயனம் படிப்பித்தவன் நான். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கெமிக்கலில் சேதனம், அசேதனம் என்று இரண்டு வகை.

மாரியில் இந்த ரொறன்ரோ நகரத்துத் தெருக்களில் கொட்டுகிறார்களே உப்பு, அது அசேதனப் பொருள். தாச்சியில் எவ்வளவு வறுத்தாலும் கருகாது. உருகவே 801 பாகை செல்சியஸ் வேண்டும். பனியோடு கரைந்து ஒன்ராறியோ ஏரிக்குப் போனாலும் அழியாது. அதே தாச்சியில் சீனியைப் போடுங்கள். பாகாகி, பழுப்பாகி, கரியாகிவிடும். அந்தக் கரிதான் காபன். காபனால் கட்டப்பட்ட சேதனப் பொருட்களில் அநேகமானவை இப்படிச் சூடு தாங்காதவை.

இன்சுலினும் சேதனம்தான், 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். திறக்காத மருந்தை 2 முதல் 8 பாகைக்குள் வைக்கச் சொல்வது அதனால்தான். உறைந்தாலும் பழுது, எறிய வேண்டியதுதான். ஜனவரிக் குளிரில் ஊசிப் பையைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குள் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

அந்த மருந்து பிறந்ததே இந்த நகரத்தில். 1921இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 1922 ஜனவரி 11இல் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாறு. இதைவிட இயற்கையாக வேறென்ன வேண்டும்? ஆனால் பலன் போதவில்லை, குத்திய இடத்தில் கட்டியும் வந்தது. கொலிப் என்ற இரசாயனக்காரர் அதைச் சுத்திகரித்துக் கொடுத்து, ஜனவரி 23இல் மறுபடி ஏற்றிய பிறகுதான் பையனின் சீனி நன்றாக இறங்கியது.

பிறகு 1934இல் இங்கேயே கொனோட் ஆய்வுகூடத்து ஸ்கொட் இன்னொன்றைக் கண்டார். நாகம் என்கிற உலோகம் சேர்ந்தால்தான் இன்சுலின் பளிங்காகிறது. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு நாக அயன்களைச் சுற்றி அமர்ந்துகொள்கின்றன. எங்கள் கணையமும் இன்சுலினை அப்படித்தான் சேமிக்கிறது. சேதனம், அசேதனம் என்று உடம்பு பந்தி பிரித்து உட்கார வைப்பதில்லை.

பாகற்காயின் கசப்பும் சேதனச் சேர்வைகளால் வருவதுதான். கறி வைத்துச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் ஒரு தம்ளர் சாற்றில் மருந்து எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வழக்கமான இன்சுலின் குப்பியில் அது எழுதியே இருக்கிறது: ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு.