பழவேற்காட்டுக் கரையில் படக்காரர்களின் சபை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கமாகச் செல்லும் மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்து ஏறினால் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் பழவேற்காடு வந்துவிடும். மொத்தம் அறுபது கிலோ மீட்டருக்கு மேற்படாத பயணம்தான். இறங்கும் இடத்தில் நம்மை எதிர்கொள்வதோ நானூறு ஆண்டுக்கால வரலாறு. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையை எழுப்பி, 1690 வரை சோழமண்டலக் கரையில் தங்கள் வணிகத்துக்கு இவ்வூரையே தலைமையிடமாக வைத்திருந்தனர். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும், வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூட்டு உருவங்களுடன், தொல்லியல் துறையின் காவலில் எஞ்சி நிற்கிறது.

மலாய் மக்கள் தொழுகைக்கும் வீட்டில் இருக்கும்போதும் உடுத்துகிற கட்டம் போட்ட கைலிக்கு அங்கே ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். அந்தப் ‘பெலிக்காட்’ வேறெதுவுமன்று, இந்தப் பழவேற்காடுதான். அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்று கூறும் முஸ்லிம் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. தொழுகை நேரம் காட்டும் சூரியக் கடிகாரம் உள்ள பள்ளிவாசலும், பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடையும் பெண்களின் கைவண்ணமும் இவ்வூரின் அடையாளங்கள். ஊருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியாகும். பனிக்காலம் தொடங்கியதும் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து அதன் சேற்று நீரில் இறங்குகின்றன.

பூநாரைகள் வந்ததும் கேமராக்காரர்களும் வந்துவிடுகிறார்கள்.

விடுமுறை நாள்களில் சென்னையிலிருந்து வரும் அத்தகைய சிறு குழுவொன்றில் என் மைத்துனரும் ஒருவர். அவருடன் சென்ற தை மாத ஞாயிறன்று நானும் போயிருந்தேன். எட்டுப் பேர். ஒருவருக்கும் இது பிழைப்பு அன்று. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மண்ணடியில் மருந்துக் கடை வைத்திருக்கும் பாய், அண்ணனைத் துணைக்கு அழைத்து வந்த கல்லூரி மாணவி, கணினி நிறுவனத்தில் பணியாற்றும் இளைஞர் என்று பலதரப்பட்டவர்கள். விடியற்காலையில் ஏரிக்கரையில் படமெடுப்பார்கள். நண்பகல் உணவுக்கும் லுஹர் தொழுகைக்கும் பின் அறிமுகமான ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி, மடிக்கணினியில் ஆளுக்கு மூன்று படங்களை வைப்பார்கள். மற்றவர்கள் குறை நிறைகளைச் சொல்லி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது அச்சபையின் சட்டம். இச்சட்டத்தை நம் குடும்பங்களிலும் கொண்டுவரலாமே என்று எனக்குத் தோன்றியது.

அன்று முதலில் வந்த வழக்கு வங்கிப் பெரியவருடையது. புதிதாக வாங்கிய கேமராவில் எதைப் பார்த்தாலும் மங்கலாகவே தெரிகிறது, கடைக்காரர் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று மனம் குமுறிக்கொண்டிருந்தார். மருந்துக் கடை பாய் கேமராவை வாங்கி, கண் வைத்துப் பார்க்கும் துளையின் ஓரத்தில் இருந்த சிறு சக்கரத்தை இரண்டு சுற்றுத் திருப்பிக் கொடுத்தார். “இப்போது பாருங்கள் சார்.” பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. மூக்குக் கண்ணாடி அணிபவர்களின் பார்வைக்கு ஏற்றவாறு அமைத்துக்கொள்வதற்காக வைத்திருக்கும் சக்கரம் அது. பையில் உராய்ந்து எப்படியோ நகர்ந்திருக்கிறது. கேமரா சரியாகத்தான் படமெடுத்திருக்கிறது, பார்த்த கண்ணுக்குத்தான் மங்கல். “என் மருமகனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்” என்றார் பெரியவர்.

அடுத்து மாணவியின் பூநாரைப் படங்கள். காலை ஒன்பதரை மணிக்கு மேல் எடுத்தவை. தொலைவில் நிற்கும் பறவைகளின் விளிம்புகள் எல்லாம் நீரில் கரைந்தாற்போல் இருந்தன. தன் லென்ஸ் பழுதாகிவிட்டது என்று அந்தப் பெண் ஏறக்குறைய அழுதுவிடும் நிலையில் இருந்தாள். விலையுயர்ந்த பொருள், தந்தையார் தவணையில் வாங்கிக் கொடுத்தது. இளைஞர் அதே லென்ஸில் அவள் ஏழு மணிக்கு எடுத்த படத்தைத் திறந்து காட்டினார். அதில் ஒவ்வொரு இறகும் தனித்தனியே தெரிந்தது. சேற்று நிலம் வெயிலில் சூடேறியதும் அதன்மேல் உள்ள காற்று அலையலையாக எழுகிறது. தார்ச்சாலையில் கானல் ஆடுவதைப் பார்த்திருப்போமே, அதுதான். இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையை அந்த அலைகளின் ஊடாகப் படமெடுத்தால் எவ்வளவு உயர்ந்த லென்ஸும் தோற்றுப்போகும். பரிகாரம் இரண்டே: விடியலிலேயே எடுத்து முடிப்பது, அல்லது பறவை அருகில் வரும்வரை பொறுத்திருப்பது. பழுது பார்க்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை என்று தெரிந்தபின் அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு இறங்கியது.

மங்கலான படத்தைக் கண்டு கேமராவைப் பழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையை என் மைத்துனர் எனக்கு விளக்கினார். படத்தைப் பெரிதாக்கி முழுவதும் துழாவிப் பார்க்க வேண்டும். முகம் மங்கலாக இருந்து, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள ஏதாவதொன்று துலக்கமாக இருந்தால் குவியம், அதாவது ஃபோகஸ், இடம் மாறி விழுந்திருக்கிறது. படம் முழுவதுமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. மரமும் கரையும் துலக்கமாக இருந்து சிறகு மட்டும் கலங்கியிருந்தால் பறவையின் வேகத்துக்கு ஷட்டரின் வேகம் போதவில்லை. பறக்கும் பறவைக்கு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்காவது வேண்டும் என்கிறார்கள். எப்போது எடுத்தாலும் குவியம் ஒரே பக்கமாகத் தவறினால்தான் கருவியின் மேல் ஐயப்படலாம். ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து, முக்காலியில் கேமராவைப் பொருத்தி, நடுக்கோட்டில் குவியம் வைத்து எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கண்ணாடி பொருத்திய பழைய வகை டிஜிட்டல் கேமராக்களில் குவியத்தை அளக்கும் உணரி தனியே அடியில் இருப்பதால் இந்தக் கோளாறு நேர்வதுண்டு. இப்போது வரும் கண்ணாடியற்ற கேமராக்களில் படம் பதியும் உணரியே குவியத்தையும் அளந்துவிடுவதால் அது பெருமளவு குறைந்துவிட்டது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிறு துளை வழியாக ஒளி புகுந்து உருவம் விழுவதை ஆராய்ந்தார். சூரிய கிரகணத்தின் பிறை வடிவம் அவ்வாறு விழும்போது, துளை சிறுத்தால் உருவம் துலங்குவதையும், துளை பெருத்தால் வடிவம் கலைந்துபோவதையும் விளக்கி எழுதினார். வெறும் துளையில் குவியம் வைக்கும் வேலையே கிடையாது. ஒளி மட்டும் மிகக் குறைவு. ஒளி நிறைய வேண்டி லென்ஸை நாடியதும் குவியத் தொல்லையும் கூடவே வந்தது. நெதர்லாந்தின் மூக்குக் கண்ணாடி வினைஞர் ஹான்ஸ் லிப்பர்ஷே தொலைநோக்கிக்கு உரிமை கோரி விண்ணப்பித்த ஆண்டு 1608. அடுத்த ஐந்தாம் ஆண்டில் அந்நாட்டார் இந்தக் கரையில் கோட்டை கட்டிவிட்டார்கள். கேமரா தானே குவியம் பார்த்துக்கொள்ளும் வசதி 1977-இல் கொனிகா நிறுவனத்தின் சிறு கேமராவில் கடைக்கு வந்தது. இத்தனைக்குப் பிறகும் திண்ணையில் எட்டுப் பேர் உட்கார்ந்து, ‘ஏன் மங்கலாயிற்று’ என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அன்று நடந்த இரு சச்சரவுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, குழுவுக்குப் புதியவர் ஒருவரின் படம். நூற்றுக்கணக்கான பூநாரைகள் ஒருசேர எழுந்து பறக்கின்றன. இளஞ்சிவப்புச் சிறகுகளும் கருஞ்சிறகு நுனிகளும் நீலவானில் விரிந்து, குவியமும் ஒளியும் குறை சொல்ல இயலாதவாறு அமைந்திருந்தன. நான் என்னை மறந்து ‘மாஷா அல்லாஹ்’ என்றேன். மற்றவர்கள் மௌனமாக இருந்தார்கள். “பறவைகள் தாமாகவா எழுந்தன?” என்று பாய் கேட்டார். எடுத்தவர் சிரித்துக்கொண்டே, நண்பர் ஒருவரைச் சேற்றில் இறங்கிக் கைதட்டச் சொன்னதாகக் கூறினார். “அப்படியென்றால் இந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை” என்று பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதியவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நிமிடம் பறந்து மறுபடி உட்காரும் பறவைக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். நெடுந்தொலைவு வந்து, தலைகீழாக அலகைச் சேற்றில் அமிழ்த்தி, நாளெல்லாம் நுண்ணிய இரையை வடிகட்டி உண்ணும் பறவை அது. ஒருவர் கைதட்டினால் ஒரு நிமிடம். வருகிறவர் எல்லாரும் தட்டினால் அது உண்பது எப்போது? வலை விரிக்கும் மீனவர்கள் அருகிலேயே நின்றாலும் அவை எழுவதில்லையே என்று வங்கிப் பெரியவர் எடுத்துச் சொன்னார். புதியவர் தேநீரும் அருந்தாமல் புறப்பட்டுப் போனார். பாய் பேசிய முறையில் கடுமை இருந்தது உண்மை. ஆயினும் அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, கணினி இளைஞரின் படம். ஓலைப் பெட்டி முடையும் மூதாட்டி ஒருவரை அவருடைய வீட்டு வாசலில் எடுத்திருந்தார். இங்குள்ள பல வீடுகளில் பெண்கள் படத்துக்கு இசைவதில்லை. கைகளை மட்டும் எடுத்துக்கொள் என்பார்கள், அதை மீறக் கூடாது. இந்த அம்மையாரோ தாமாகவே விரும்பி அமர்ந்தவர். “ஆதார் அட்டையில் இருப்பதைத் தவிர எனக்கு வேறு படமே இல்லை தம்பி. நல்லதாக ஒன்று எடுத்துக் கொடு, பேரன் வீட்டில் மாட்டுவான்” என்று கேட்டிருக்கிறார். இளைஞரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

படத்தில் விரல்களுக்கிடையே இருந்த ஓலைக் கீற்று கத்தி முனைபோல் தெளிவாக இருந்தது. முகம் பஞ்சுபோல் கரைந்திருந்தது. 85 மில்லி மீட்டர் லென்ஸை எஃப் 1.8 என்று அகலத் திறந்து, ஒன்றரை மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தது. அந்த நிலையில் துலக்கமாக விழும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து மூன்று சென்டி மீட்டர்தான். கேமரா தனக்கு அருகிலிருந்த, கோடுகள் நிறைந்த ஓலையைப் பற்றிக்கொண்டது. அம்மையாரின் வெள்ளைத் துப்பட்டாவில் அதற்குப் பிடிப்பு ஒன்றும் இல்லை. இளைஞர் தம் முறை வந்ததும், உழைப்பைக் காட்டவே முகத்தை மங்கலாக்கியதாக விளக்கம் சொன்னார். கலைப்படம் என்றார். கண்காட்சிக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னார்.

பெரியவர் மெதுவாகக் கேட்டார்: “அனுப்புங்கள் தம்பி. ஆனால் அந்த அம்மாவின் பேரன் வீட்டில் எதை மாட்டுவது?”

இளைஞர் பதில் பேசவில்லை. மடிக்கணினியை மூடினார். சற்று நேரம் கழித்து கேமராவை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாணவியும் உடன் சென்றாள். அம்மையார், அஸர் தொழுதுவிட்டு வருகிறேன், அதுவரை பொறு என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். மாலை வெயில் தாழ்ந்தபின் அவரைக் கதவோரத்துக்கு நகர்த்தி உட்காரவைத்து, துளையை எஃப் 4 அளவுக்குச் சுருக்கி, ஒரே குவியப் புள்ளியை அருகிலுள்ள கண்ணின்மேல் வைத்துப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். அவற்றில் ஒன்றில் அம்மையார் மாணவியின் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டிருந்தார். முகச் சுருக்கங்களும் கண்ணின் ஒளியும் அப்படியே பதிந்திருந்தன. அதைத்தான் அச்சிடுவது என்று திண்ணையில் ஒருமனதாக முடிவாயிற்று.

மறுமாதம் அந்தப் படத்தைச் சட்டமிட்டு எடுத்துச் சென்றபோது நானும் உடனிருந்தேன். அம்மையார் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பக்கத்து வீட்டாரை அழைத்துக் காட்டினார். பிறகு மடியில் இருக்கும் பெட்டியைப் படத்தில் சுட்டிக்காட்டி, “எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. என் முடைச்சல் மட்டும் ஏன் தம்பி கலங்கிப் போயிருக்கிறது? இரண்டு வண்ணம் கொடுத்து இழைத்த வேலை அது, ஒன்றுமே தெரியவில்லையே?” என்றார்.

பாய் வாய்விட்டுச் சிரித்தார். இளைஞர் பையைத் திறந்து முக்காலியை விரித்தார். இம்முறை எஃப் 11.